முன்னால் கண்ணாடி... பின்னால் மனைவி!

ஆனி பிறந்து ஆடி முடியும் வரை கடமலைக்குண்டுப் பக்கம் பைக் ஓட்டுகிறவர்கள் வானத்தைப் பார்ப்பதைவிடத் தென்னை மரங்களைத்தான் அதிகம் பார்ப்பார்கள். மட்டைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, எவ்வளவு சாய்கின்றன என்பதில் அன்றைய பயணம் எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிடும்.

தமிழகத்தில் காற்றாலைகளுக்குப் பேர் போன கணவாய்கள் நான்கு. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிக் கம்பம் வழியாகப் பாய்ந்து வந்து தேனிச் சமவெளியில் இறங்குகிறது. தேனியைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளுக்கு அந்தக் காற்றுதான் சாப்பாடு. அதே காற்றில்தான் பைக்குகளும் போய் வர வேண்டும்.

கடமலைக்குண்டிலிருந்து கண்டமனூர் வழியாக க.விலக்கு போகிற சாலை ஏறக்குறைய தெற்கு வடக்காகக் கிடக்கிறது. காற்றோ மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே க.விலக்கு வரை இடது விலாவில் இடிக்கும் பக்கக் காற்று. அங்கே மதுரை - தேனி சாலையில் இடது பக்கம் திரும்பினால், தேனி வரை முகத்துக்கு நேரே எதிர்க்காற்று. சாயங்காலம் திரும்பும்போது முதலில் முதுகைத் தள்ளும் காற்று, பிறகு வலது விலாவில் இடிக்கும் காற்று.

இந்தச் சாலையில் வாரத்துக்கு ஆறு நாள் போய் வருகிறார் ஒருவர். வயது 53. தேனியில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறார். வண்டி 150 சிசி பைக். மனைவிக்கு இருக்கும் சர்க்கரைக்காக மாதம் ஒரு முறை க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றைக்கு அவரும் பின்னால் ஏறிக்கொள்வார். இந்த வண்டியில் ஹேண்டில்பாரை மாற்றி, முன்னால் ஒரு பெரிய விண்ட்ஷீல்டும் மாட்டிக்கொண்டு மூன்று வருடங்கள் ஓட்டியதில் அந்தக் குடும்பம் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல.

சுண்டுவிரலில் தொடங்கியது

முதலில் மாறியது ஹேண்டில்பார்தான். அதற்குக் காரணம் ஸ்டைல் இல்லை, சுண்டுவிரல்.

தேனியில் இறங்கிப் பேனாவைப் பிடித்தால் வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடக்கும். கம்பெனியில் வந்த ஹேண்டில்பார் கொஞ்சம் தாழ்வானது. குனிந்து பிடிக்கும்போது உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு உள்ளங்கையில் இறங்குகிறது. உள்ளங்கையின் ஓரமாக, சுண்டுவிரல் பக்கத்தில் ஓடுகிற அல்நார் நரம்பு நசுங்கினால் அந்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும். நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது சகஜம். ஹேண்டில்பாரின் பெயரையே வைத்து மருத்துவர்கள் இதை அழைக்கிறார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, வேறு கதை. எந்த விரல் மரக்கிறது என்று கவனித்து மருத்துவரிடம் சொல்வது நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் எல்லாப் பழியையும் வண்டி மேல் போட்டுவிடவும் கூடாது.

மருத்துவரைப் பார்த்தார். சர்க்கரை இல்லை. கையை ஊன்றாமல் உட்காரச் சொன்னார்கள். ஊர் மெக்கானிக்கிடம் போனார். உயரமான, கொஞ்சம் பின்னோக்கி வளைந்த, அகலமான ஹேண்டில்பார் ஒன்றை வாங்கி வரச் சொன்னார் மெக்கானிக். நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலானவற்றின் ஹேண்டில் குழாய் 22 மில்லிமீட்டர் தடிமன். அந்த அளவு ஒத்துப்போனால் கிளாம்ப்பில் உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்துவிடவில்லை. ஹேண்டில் உயர்ந்தால் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், சுவிட்ச் வயர்கள் எல்லாமே கூடுதல் தூரம் எட்ட வேண்டும். மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் முழுக்கத் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் திருப்பியபோது இன்ஜின் தானாகவே உறுமியது. ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். சந்தில் யூ டர்ன் அடிக்கும்போது வண்டி தானாகப் பாய்ந்தால் என்ன ஆகும்?

“கேபிள் நீளம் பத்தாதுண்ணே. இப்படியே ஓட்டுனா ஒரு நாள் செவுத்துல கொண்டுபோய் விட்டுரும்” என்று சொல்லிவிட்டு நீளமான கேபிள் வாங்கிப் போட்டார். பிரேக் ஹோஸ் விறைப்பாக இல்லை என்பதையும், கிளட்ச் லிவரில் கொஞ்சம் தளர்வு இருக்கிறது என்பதையும், முழுக்கத் திருப்பினாலும் கை டேங்க்கில் இடிபடவில்லை என்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முன் பிரேக் ஆயில் டப்பா சாய்ந்து நிற்காமல் மட்டமாக இருக்கும்படி திருப்பி வைத்தார். பழைய ஹேண்டிலின் நுனிகளில் இருந்த எடைகளைக் கழற்றிப் புதியதில் மாட்டினார். அந்தக் குட்டி எடைகள் அழகுக்காக இல்லை, அதிர்வைக் குறைப்பதற்காக.

பதினைந்தே நாளில் விரல் மரப்பது நின்றது. முதுகும் நிமிர்ந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

நெஞ்சில் மோதிய காற்று

ஆனி வந்ததும் அடுத்த பிரச்னை வந்தது. குனிந்து ஓட்டியபோது தோளுக்கு மேலே வழுக்கிப் போன காற்று, நிமிர்ந்து உட்கார்ந்ததும் நேராக நெஞ்சில் மோதியது.

காற்றின் கணக்கு கறாரானது. வேகம் இரண்டு மடங்கானால் அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், உடம்பைப் பொறுத்தவரை அது 90 கிலோமீட்டர் வேகக் காற்று. தள்ளும் விசை இரண்டேகால் மடங்கு. க.விலக்கிலிருந்து தேனி வரை அந்த விசைக்கு எதிராக ஹேண்டிலை இழுத்துப் பிடித்துக்கொண்டே போனதில், முன்பு மரத்த கையில் இப்போது தோள்பட்டை வலித்தது. பங்குனி, சித்திரையில் வருசநாட்டுப் பக்கத்து இலவங்காய்கள் வெடித்துப் பறக்கும் பஞ்சு, மழைக்காலத்தில் பூச்சிகள், லாரி கிளப்பும் புழுதி என்று முகத்துக்கு வருகிற மற்ற விருந்தாளிகளும் உண்டு.

ஒரு விண்ட்ஷீல்டு வாங்கினால் என்ன?

இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1970-களில் நம் ஊர்களில் ஓடிய ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஹேண்டிலுக்கு மேலே பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி நிற்கும். அதன் பின்னால் நின்றபடி ஊர் பார்த்த குழந்தைகள் இன்று தாத்தா, பாட்டி ஆகியிருப்பார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் என்பவர் எந்த பைக்கிலும் வாங்கி மாட்டிக்கொள்ளும்படி செய்த ‘விண்ட்ஜாமர்’ என்ற காற்றுக் கவசம் நெடுந்தூரப் பயணிகளிடம் பெரிய வரவேற்பைப் பெற்றது. 1976-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம், காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து உருவாக்கிய முழுக் கவசத்தோடு ஆர்100ஆர்எஸ் என்ற பைக்கைக் கொண்டுவந்தது. அந்தக் கவசம் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பாது. வண்டியின் சட்டத்தோடு நிலையாக நிற்கும். இது ஏன் முக்கியம் என்பதைக் கடமலைக்குண்டுக்காரர் ஓர் ஆடி மாதத்தில்தான் தெரிந்துகொண்டார். நம் நாட்டில் 2016-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் சின்ன விண்ட்ஷீல்டு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது.

அவர் வாங்கியது சின்னது இல்லை. தலை வரை மறைக்கிற பெரிய கண்ணாடி. ஹேண்டில்பாரில் இரண்டு கிளாம்ப், ஹெட்லைட் பக்கம் இரண்டு போல்ட்டு. மாட்டிய அன்றைக்குக் க.விலக்கிலிருந்து தேனி வரை போனவருக்கு நம்பவே முடியவில்லை. நெஞ்சில் காற்று இல்லை. சட்டை படபடக்கவில்லை. மண்டியில் இறங்கும்போது களைப்பு பாதிகூட இல்லை.

“ஏசி கார்ல வந்த மாதிரி இருக்கு” என்று வீட்டில் சொன்னார். மனைவி சிரித்துக்கொண்டார். அடுத்த மருத்துவமனை நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

“மதினிகிட்ட கேட்டீங்களாண்ணே?”

அந்த நாள் வந்தது, போனது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் புடவைத் தலைப்பைத் தலையோடு சுற்றி இறுக்கிக்கொண்டு ஏறினார். அதற்கும் அடுத்த மாதம், “நான் பஸ்லயே போய்க்கிறேங்க. நீங்க வேலைக்குப் போங்க” என்றார்.

“ஏன், என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. தலை வலிக்குது, அவ்வளவுதான்.”

சர்க்கரையால் வரும் தலைவலி என்று நினைத்தார் கணவர். மருத்துவமனையில் பார்த்தபோது சர்க்கரை கட்டுக்குள்தான் இருந்தது.

ஒரு நாள் கண்ணாடியின் போல்ட்டு தளர்ந்து கடகடவென்று சத்தம் வர, மெக்கானிக்கிடம் வண்டியை நிறுத்தினார். ரப்பர் வாஷர் மாற்றிக்கொண்டே, “கண்ணாடி எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டார் மெக்கானிக்.

“அருமையா இருக்கு தம்பி.”

“அது ஒங்களுக்கு. மதினிகிட்ட கேட்டீங்களாண்ணே?”

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “சாவியக் குடுங்க. நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி உக்காருங்க. கண்டமனூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.”

சொந்த வண்டியின் பின் இருக்கையில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஊர் எல்லை தாண்டி வேகம் 50-ஐத் தொட்டதும் புரிந்துவிட்டது. ஓட்டுகிறவர் முதுகு அசையாமல் இருக்கிறது. பின்னால் இருப்பவரின் தலையை யாரோ இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டிக்கொண்டே வருவது போல ஹெல்மெட் ஆடுகிறது. காதுக்குள் ஒரே இரைச்சல். போதாக்குறைக்கு முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்து முன்னால் தள்ளுகிறது. எதிரே வர வேண்டிய காற்று பின்னால் எப்படி வந்தது?

கண்டமனூரில் டீக்கடை முன்னால் இறங்கியதும், மனைவியின் மூன்று மாதத் தலைவலிக்கு அவருக்கு விடை கிடைத்திருந்தது. வீட்டுக்கு வந்து நேரடியாகக் கேட்டார். அதன் பிறகுதான் மனைவி வாயைத் திறந்தார்.

“காத்து பூராம் என் மேலதாங்க வருது. முன்னெல்லாம் உங்க முதுகு மறைச்சுக்கிரும். கண்ணாடி போட்டதுக்கப்புறம் தலையில அடிக்குது. நீங்க ஆசையா வாங்கிப் போட்டீங்க. அதப் போய் எப்படிச் சொல்றது?”

நூல் காட்டிய வழி

வீட்டில் மகள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறார். “அப்பா, காத்தத் தடுக்க முடியாது. வேற பக்கம் திருப்பத்தான் முடியும்” என்றார். சொன்னதோடு நிற்காமல் நிரூபித்தும் காட்டினார்.

காற்றுச் சுரங்கங்களில் பொறியாளர்கள் செய்கிற பழைய முறை ஒன்று உண்டு. சின்னச் சின்ன நூல் துண்டுகளை ஒட்டிவிட்டு அவை எந்தப் பக்கம் பறக்கின்றன என்று பார்ப்பார்கள். மகள் சிவப்பு உல்லன் நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடியின் மேல் விளிம்பு, அப்பாவின் ஹெல்மெட், தோள், அம்மாவின் ஹெல்மெட் என்று டேப் போட்டு ஒட்டினார். காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், தோழி ஸ்கூட்டி ஓட்ட, அதன் பின்னால் உட்கார்ந்து பக்கவாட்டில் செல்போனில் வீடியோ எடுத்தார்.

வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. கண்ணாடியின் விளிம்பில் இருந்த நூல்கள் மேல்நோக்கி நேராக நின்றன. அப்பாவின் ஹெல்மெட்டில் இருந்தவை லேசாகத்தான் ஆடின. அம்மாவின் ஹெல்மெட்டில் இருந்தவை கிறுக்குப் பிடித்ததுபோல மேலும் கீழும் சுற்றின. அம்மாவின் தோளில் ஒட்டிய நூல் பின்னால் பறப்பதற்குப் பதில் முன்னால் பறந்தது.

விஷயம் இதுதான். கண்ணாடி இல்லாதபோது வருகிற காற்று பலமானது, ஆனால் சீரானது. கண்ணாடியின் விளிம்பைத் தாண்டியதும் அது கலங்கிச் சுழல ஆரம்பிக்கிறது. உயரமான கண்ணாடி அந்தச் சுழலை ஓட்டுகிறவரின் தலைக்கு மேலே அனுப்பிவிடும். பின் இருக்கை கொஞ்சம் உயரம் என்பதால் அது நேராகப் பின்னால் இருப்பவர் தலையில் இறங்குகிறது. கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், பக்கங்களில் போன காற்று வளைந்து அந்த வெற்றிடத்தை நிரப்பத் திரும்பி வருகிறது. முதுகைத் தள்ளிய காற்று அதுதான்.

உயரமான கண்ணாடிக்கு இன்னொரு குறையும் உண்டு. கண்ணாடி வழியாகத்தான் சாலையைப் பார்க்க வேண்டியிருக்கும். பகலில் சரி. மழை பெய்யும் இரவில், எதிர் வண்டியின் ஹெட்லைட் ஒவ்வொரு துளியிலும் கீறலிலும் பட்டுத் தெறித்தால் சாலையே தெரியாது. காரில் வைப்பர் இருக்கிறது, இதில் இல்லை. கண்ணாடியின் விளிம்பு ஓட்டுகிறவரின் மூக்கு அல்லது மோவாய் அளவில் இருக்க வேண்டும், அதற்கு மேலே பார்த்துத்தான் ஓட்ட வேண்டும் என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் அளவு.

தோப்பு முடிகிற இடம்

கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்களே தவிர, மாற்றவில்லை. ஆடி வந்தது. மருத்துவமனை நாளும் வந்தது.

பெண்கள் புடவையில் பின்னால் உட்காரும்போது இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு உட்காருவது நம் ஊர் வழக்கம். க.விலக்கு போகும்போது இடது பக்கம் என்பது மேற்கு. அதாவது ஆடிக்காற்று நேராக அவர் முகத்திலும் புடவையிலும் அடிக்கிறது. புடவை ஒரு பாய்மரம். முன்னால் ஹேண்டிலில் நிற்கும் கண்ணாடி இன்னொரு பாய்மரம்.

தென்னந்தோப்புக்குள் சாலை போகும் வரை ஒன்றும் தெரியவில்லை. தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கிய இடத்தில், கதவைத் திறந்துவிட்டது மாதிரி காற்று அடித்தது. ஹேண்டில் அவர் கையை மீறித் திரும்பியது. இடமிருந்து வருகிற காற்று வண்டியை வலது பக்கம், அதாவது எதிர் வண்டிகள் வரும் பக்கம் தள்ளும். இரண்டு முழம் தள்ளியது. எதிரே வந்தது தேங்காய் ஏற்றிய ஒரு மினி லாரி. அது கொஞ்சம் தூரத்தில் இருந்ததால் ஹாரனோடு போனது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“கண்ணாடியக் கழட்டிருங்க” என்றார் மனைவி. மூன்று மாதம் தலைவலியைப் பொறுத்தவர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்தவில்லை.

மருத்துவமனைக்கு மெதுவாகப் போனார்கள். திரும்பும்போது மனைவி பஸ்ஸில் வந்தார். அவர் தனியாக வந்தபோது காற்று வலது பக்கம். இதில் வேறு ஓர் ஆபத்து. காற்றைச் சமாளிக்க வண்டியை வலது பக்கம் கொஞ்சம் சாய்த்தே ஓட்டுகிறோம். எதிரே ஒரு பெரிய லாரி வந்து காற்றை ஒரு நொடி மறைத்தால், சாய்த்த வண்டி லாரியின் பக்கமே போகும். லாரி கடந்ததும் காற்று மறுபடி வந்து இடது ஓரத்துக்குத் தள்ளும். காற்று மாதத்தில் ஓட்டுகிறவர்கள் வேகத்தைக் குறைப்பதும், முழங்கால்களால் டேங்க்கைப் பிடித்துக்கொண்டு கைகளைத் தளர்த்தி வைப்பதும், லாரிக்கு நிறைய இடம் விடுவதும் இதனால்தான். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் உடம்பு வாங்கும் ஒவ்வொரு அடியும் கை வழியாக ஹேண்டிலுக்குப் போய்விடும். ஹேண்டிலிலேயே பெரிய கண்ணாடி இருந்தால், கையைத் தளர்த்தினாலும் காற்று நேரடியாகவே ஹேண்டிலைத் திருப்பும். ஜெர்மனிக்காரர்கள் கவசத்தைச் சட்டத்தோடு நிறுத்தியதன் அருமை இங்கேதான் தெரிகிறது. ஆனால், உருண்டை ஹெட்லைட் வைத்த சாதாரண பைக்கில் மாட்டும் கண்ணாடிகளில் பெரும்பாலானவை ஹேண்டிலோடு சேர்ந்துதான் திரும்பும். அதில் நம் கையில் இருப்பது அளவு மட்டுமே.

ஆர்.சி. புக் என்ன சொல்கிறது?

கண்ணாடியைக் கழற்றப் போனபோது மெக்கானிக் இன்னொரு விஷயத்தையும் நினைவுபடுத்தினார்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது, என்ன மாட்டியிருக்கிறோம் என்பதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது, கழற்றிய பழைய பாகத்தை எடைக்குப் போடாமல் வைத்திருப்பது, இந்த மூன்றும் தலைவலியைக் குறைக்கும். ஒரு விபத்து நடந்து இழப்பீடு கேட்கும் நேரத்தில், வண்டியில் இருந்த ஒரு மாற்றம் கேள்வியாக வந்து நிற்கக் கூடாது. அவர் வீட்டில் பழைய ஹேண்டில்பார் சாக்கில் சுற்றிப் பரணில் பத்திரமாக இருக்கிறது. பில்களும் ஆர்.சி.யோடு ஒரே கவரில் இருக்கின்றன.

இப்போது எப்படி ஓடுகிறது?

ஹேண்டில்பார் இருக்கிறது. விரல் மறுபடி மரக்கவில்லை என்பதால் அதைத் திரும்பக் கழற்ற மனமில்லை. ஆனால், கிளாம்ப்பைத் தளர்த்தி, கொஞ்சம் முன்னால் சாய்த்து முறுக்கிவிட்டார்கள். முன்பு நட்டமாக இருந்த முதுகு இப்போது லேசாக முன்னால் சாய்கிறது. காற்று நெஞ்சில் முட்டாமல் தோள் மேல் வழுக்குவதற்கு அவ்வளவு போதுமாக இருந்தது. அவர் கொஞ்சம் முன்னால் போனதில் பின்னால் மனைவிக்கும் நான்கு விரல் இடம் கூடியது.

பெரிய கண்ணாடி போய், நெஞ்சு வரை மட்டும் மறைக்கும் சின்னக் கண்ணாடி வந்தது. மார்புக்கு வரும் காற்றில் ஒரு பங்கு குறைகிறது. ஹெல்மெட்டுக்குச் சீரான காற்று வருகிறது. ஏசி கார் சுகம் இல்லை. ஆனால் மனைவியின் தலை ஆடுவதில்லை. மகள் மறுபடி நூல் ஒட்டிப் பார்த்து, “பாஸ்” என்று சொல்லிவிட்டார்.

பெரிய கண்ணாடி கொடுத்த பாடங்கள் சின்னதற்கும் உதவுகின்றன. வாங்கும்போது அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா என்று கேட்டு வாங்கினார். அக்ரிலிக் அடிபட்டால் கூர்மையான சில்லுகளாக உடையக்கூடும். பாலிகார்பனேட் அவ்வளவு சுலபத்தில் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும். பெட்ரோல் பட்டாலும் கெட்டுவிடும். ஒர்க் ஷாப்களில் எதையும் பெட்ரோல் துணியால் துடைப்பது வழக்கம் என்பதால், “கண்ணாடியில மட்டும் கை வைக்காதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். காய்ந்த பூச்சியையும் புழுதியையும் உலர்ந்த துணியால் தேய்த்தால் மணல் கீறும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போர்த்தி ஊறவிட்டு, லேசான சோப்புத் தண்ணீரில் கழுவுகிறார். போல்ட்டுகளை வாரம் ஒரு முறை கையால் தொட்டுப் பார்க்கிறார். ரப்பர் வாஷர் வைத்து, நின்றால் போதும் என்ற அளவுக்குத்தான் முறுக்க வேண்டும். பலம் காட்டினால் துளையைச் சுற்றி விரிசல் விடும்.

மனைவி பழைய அரை ஹெல்மெட்டை விட்டு, முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டுக்கு மாறிவிட்டார். மருத்துவமனை நாளில் சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறார். முதல் நாள் தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். இரண்டாவது மாதம் யாரும் பார்க்கவில்லை. எதிர் வீட்டு அக்கா மட்டும், எந்தக் கடையில் எடுத்தது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஆனி பாதியில் சின்னக் கண்ணாடியும் கீழே இறங்கிவிடும். நாலு போல்ட்டு, பத்து நிமிட வேலை. பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டால், காற்று அடங்கி ஆவணியோ புரட்டாசியோ வந்த பிறகுதான் மறுபடி இறங்கும். தென்னை மட்டை பலமாக ஆடுகிற நாளில் மருத்துவமனைக்குப் பஸ்தான். இந்தத் தேதிகளை முடிவு செய்வது ஓட்டுகிறவர் இல்லை, பின்னால் உட்காருகிறவர். அந்த வீட்டில் இது எழுதாத சட்டம்.

வண்டிக்குப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டும்போது நாம் முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறோம். உயரமான சீட்டு, அகலமான ஹேண்டில், பெரிய கண்ணாடி, பக்கவாட்டுப் பெட்டி என்று எதுவாக இருந்தாலும் அதன் மறுபாதி பின் இருக்கையில் இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, ஒரு ஐந்து கிலோமீட்டர் பின்னால் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். தினமும் அங்கே உட்காருகிறவர் சொல்லத் தயங்குவதை அந்த ஐந்து கிலோமீட்டர் சொல்லிவிடும்.